ஏறி இறங்காத சத்தம்

கயிற்றை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து, குளிரில் கை தேய்க்கிறவளைப்போல உருட்டிக்கொண்டிருக்கிறாள் காயில் அக்கா. கயிற்றின் மறுமுனை ஒரு டைனமோவின் தண்டில் மாட்டியிருக்கிறது. தண்டு சுழலச் சுழல மீட்டரின் முள் துள்ளுகிறது. கையை விட்டால் விழுகிறது. மறுபடியும் உருட்டுகிறாள். முள் மூன்று தடவை ஒரே இடத்துக்கு வந்து நின்றால்தான் அவளுக்குத் திருப்தி.

படகுத்துறை மேடையில் நின்றபடி பல் டாக்டர் இதைப் பொறுமையில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் தனியாகப் பாய்மரப் படகு ஓட்டுகிற மனிதர். டைனமோ அவருடையது.

"அக்கா, பேட்டரியில ரெண்டு ஒயரைத் தொட்டு விட்டா அது பாட்டுக்கு மோட்டார் மாதிரி சுத்திட்டுப் போகுது. நல்லாருக்கா இல்லையான்னு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுடும். எதுக்கு இப்படிக் கை தேய உருட்டறீங்க?"

"நான் உங்களுக்குப் பல்லு புடுங்கச் சொல்லிக் குடுத்தேனா டாக்டர்?"

"இல்ல."

"அப்ப சும்மா நில்லுங்க."

துறையில் இருக்கிற எல்லோரும் ஒரு தடவையாவது இதைக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். டைனமோவுக்குப் பேட்டரி கொடுத்துச் சுற்ற வைப்பது மட்டும் காயில் அக்காவிடம் நடக்காது. இது இந்த ஏழு மாதமாக வந்த பழக்கம். அதற்கு முன்னால் அவளும் எல்லோரையும்போலப் பேட்டரி வைத்துத்தான் சோதித்துக்கொண்டிருந்தாள்.

நெடுந்தூரம் போகிற பாய்மரப் படகில் கரண்ட் என்பது சுவரிலிருந்து வருகிற சமாச்சாரம் இல்லை. விளக்கு, ரேடியோ, தானாகத் திசை பிடித்து ஓட்டுகிற கருவி எல்லாமே பேட்டரியை நம்பித்தான் இருக்கின்றன. வெயில் இருந்தால் சூரியத் தகடு பேட்டரியை நிரப்பும். வெயில் இல்லாவிட்டால் கடலிடம்தான் கேட்க வேண்டும். நூற்றிருபது அடி நீளமுள்ள கயிற்றைப் படகின் பின்னால் விடுவார்கள். கயிற்றின் நுனியில் கை அகலத்துக்கு ஒரு இரும்பு விசிறி. படகு போகிற வேகத்தில் தண்ணீருக்குள் விசிறி சுழலும், விசிறியோடு கயிறு முறுக்கிச் சுழலும், கயிற்றோடு பின்பக்கக் கம்பியில் தொங்குகிற டைனமோவும் சுழலும். இரவு பகல் பார்க்காமல் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டைச் சேர்த்துக்கொண்டே வரும்.

கடல் சும்மா தருமா? கயிறு தண்ணீரில் இருக்கிற வரைக்கும் படகைப் பின்னால் இழுக்கும், குழந்தை முந்தானையைப் பிடித்து இழுப்பதுபோல. மணிக்கு ஐந்தரை மைல் போகிற படகு ஐந்து மைல்தான் போகும். கரண்ட் வேண்டுமென்றால் வேகத்தில் அரை மைலை விட்டுக்கொடுக்க வேண்டும். வேகம் வேண்டுமென்றால் இருட்டில் போக வேண்டும்.

அக்கா இருபத்திரண்டு வருஷம் ஒரு கடையில் மின்விசிறிக்குக் காயில் கட்டினவள். நகக்கண்ணில் ஏறிய வார்னிஷ் இன்னும் போகவில்லை. கம்பியை அழுத்தி அழுத்தி இடது கட்டைவிரல் கரண்டி மாதிரித் தட்டையாகிவிட்டது. காயில் சுற்றும்போது சுற்றை வாய்விட்டு எண்ணுவாள், யாருக்காகவும் நிறுத்த மாட்டாள். "நூத்திப் பன்னெண்டு, வாங்க, நூத்திப் பதிமூணு, உக்காருங்க, நூத்திப் பதினாலு, அதைத் தொடாதீங்க, நூத்திப் பதினஞ்சு" என்று அவள் பாட்டுக்குப் போகும். தெரியாதவர்கள் வந்தால் ஏலம் நடக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

டாக்டருடைய விசிறியை எடுத்துத் திருப்பிப் பார்க்கிறாள். ஓரத்தில் நான்கு பள்ளம்.

"கறுப்புப் பெயிண்ட் அடிங்கன்னு போன தடவையே சொன்னேன்ல?"

"பளபளன்னு அழகா இருந்துதேன்னு விட்டுட்டேன்."

"மீனுக்கும் அப்படித்தான் தோணியிருக்கு. தண்ணிக்குள்ள மினுமினுன்னு சுத்தினா அது இரைன்னு நெனச்சுக் கடிக்காம என்ன பண்ணும்? நல்லாப் பாருங்க டாக்டர், எந்தப் பல்லுன்னு நீங்கதான் சொல்லணும்."

டாக்டர் சிரிக்கிறார். அவளும் சிரிக்கிறாள், ஆனால் சிரிப்பு கன்னத்தோடு நின்றுவிடுகிறது. முன்பெல்லாம் அவள் சிரித்தால் எதிர்ப்படகில் காயப்போட்ட துணி ஆடும் என்று அவள் கணவர் சொல்வார்.

கணவரைத் துறையில் ஐஸ்காரர் என்பார்கள். கரையில் இருந்த காலத்தில் ஃபிரிட்ஜ் மெக்கானிக். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய வாய். மகளுக்குக் கல்யாணம் முடிந்த வருஷம், "இனிமே நமக்கு என்னடி இருக்கு, வா போலாம்" என்று ஒரு பழைய படகை வாங்கி, அதைச் செப்பனிட்டு, மனைவியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒன்பது வருஷம் இரண்டு பேரும் அந்தப் படகில்தான் குடித்தனம் நடத்தினார்கள். சண்டை போட்டால் கோபித்துக்கொண்டு போக இடம் கிடையாது. அவர் படகின் முன்முனையில் போய் உட்காருவார், இவள் பின்முனையில். நடுவில் முப்பத்தாறு அடி.

படகில் அவர்களுக்குள் ஒரு பாகப்பிரிவினை இருந்தது. "சுத்தறது உன் பாடு, சேத்து வைக்கறது என் பாடு" என்பார் அவர். டைனமோ அவளுடையது, பேட்டரி அவருடையது. அவர் டைனமோ மூடியைத் திறக்க மாட்டார். அவள் பேட்டரி மீட்டரை எட்டிப் பார்க்க மாட்டாள். தினமும் காலையில் அவரே பேட்டரி நிலவரத்தைப் பரீட்சை மார்க் மாதிரிச் சொல்வார்: "இன்னிக்கு எம்பத்தஞ்சு. உன் டைனமோ பாஸ்."

இரவில் படகைப் பார்த்துக்கொள்வது அவள் முறை, பகலில் அவர் முறை. அதனால் அவள் பகலில்தான் தூங்குவாள். அவளுடைய படுக்கை பின்பக்கத் தட்டுக்கு நேர் கீழே இருந்தது. டைனமோவின் சத்தம் பலகை வழியாக இறங்கித் தலையணைக்குள் வந்துவிடும். அலை மேல் படகு ஏறும்போது சத்தம் கனத்து இறங்கும், அலையிலிருந்து சறுக்கும்போது மெலிந்து ஏறும். இப்படி ஏறி இறங்குகிற வரைக்கும் அவள் அசைய மாட்டாள். சத்தம் நின்றால் அடுத்த நொடி எழுந்து உட்கார்ந்துவிடுவாள். "தொட்டிலை நிறுத்தினா முழிச்சுக்கற கொழந்தை நீ" என்று அவர் கேலி செய்வார். மகளிடம் போனில் பேசும்போதும் இதைத்தான் சொல்வார்: "உங்கம்மாவுக்குத் தாலாட்டே அந்த டைனமோதான்டா கண்ணு."

அவருக்கு ஒரே ஒரு குறை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். இதயமும் பலவீனம். மூச்சு மெஷின் இல்லாமல் ஒரு ராத்திரிகூடத் தூங்கக் கூடாது என்று டாக்டர்கள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அதனால் முன் அறையில் முகமூடியை மாட்டிக்கொண்டு, குழாயும் தானுமாகப் படுப்பார். மெஷினில் ஒரு பச்சை விளக்கு உண்டு. கண்ணைக் குத்துகிறது என்று அதன் மேல் முதல் வருஷமே கறுப்பு டேப் ஒட்டிவிட்டார். அந்த மெஷின் தின்கிற கரண்டுக்காகத்தான் அக்கா டைனமோவை அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டாள். வருஷத்துக்கு ஒரு தடவை காயிலை உரித்துப் புதிதாகக் கட்டினாள். "இதுல கட்டினது கம்பியில்ல, உங்க மூச்சு" என்று அவரிடம் சொல்வாள்.

மகளுக்கு இரண்டு தடவை கரு தங்காமல் போனது. இரண்டு தடவையும் இவர்கள் நடுக்கடலில் இருந்தார்கள். செய்தி வந்தபோது திரும்பவும் வழியில்லை, கட்டிக்கொண்டு அழவும் ஆளில்லை. மூன்றாவது தடவை கரு தங்கியது. ஐந்து மாதம் ஆனதும் ஐஸ்காரர் போனில் சொன்னார்: "கவலைப்படாதடா. உங்கம்மாவ உன் பக்கத்துல கொண்டாந்து நிறுத்த வேண்டியது என் பொறுப்பு." மருமகன் தங்கமான பிள்ளைதான். ஆனால் ரத்தத்தைப் பார்த்தால் அவரையே பிடித்துக்கொள்ள இரண்டு பேர் வேண்டும்.

பிரசவத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே கிளம்பிவிட்டார்கள். ஒரு மாதக் கடல். கரை சேர்ந்த பிறகும் ஒரு மாதம் கையில் இருக்கும் என்று கணக்கு. பாதி வழியில் இன்ஜின் தண்ணீர் பம்பு உடைந்து, இன்ஜினை ஓட்ட முடியாமல் போனது. அடுத்து வானம் மூடிக்கொண்டது. நாள் கணக்கில் சூரியன் தலை காட்டவில்லை. அதனால் என்ன, பின்னால் கயிறு இருக்கிறது என்று தைரியமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் குறுஞ்செய்திக் கருவியில் மகளின் செய்தி வந்தது. ரத்த அழுத்தம் ஏறிவிட்டதாம், இனித் தள்ள முடியாதாம். இன்றைக்கு ஒன்பதாம் நாள் காலை ஒன்பது மணிக்கு ஆபரேஷன். அதன் கீழே ஒரு வரி: "நீ கையப் புடிச்சுக்கலன்னா நான் உள்ள போக மாட்டேன்."

ஐஸ்காரர் வரைபடத்தை விரித்து அளந்தார். "இந்த வேகத்துக்கு, ஒன்பதாம் நாள் சாயங்காலம்தான் ஆகும்" என்றார். பிறகு பின்பக்கம் கயிற்றைப் பார்த்தார். "இதை எடுத்துட்டா?"

"என்னத்த எடுத்துட்டா?"

"அரை மைலு கூடும்டி. காலையிலயே போயிடலாம்."

"மூடிட்டுப் போங்க. உங்க மூச்சு அந்தக் கயித்துல தொங்குது. அவ கோச்சுக்கிட்டா நான் சமாளிச்சுக்கறேன். சாயங்காலம் போய்க் கையப் புடிச்சுக்கறேன்."

அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எதைச் சொன்னாலும் மூன்று நாள் மல்லுக்கு நிற்கிற மனிதர் ஒரே வார்த்தையில் அடங்கிவிட்டாரே என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

மறுநாள் பகலில் அவள் படுத்தாள். சத்தம் வந்தது. ஆனால் அது வேறு மாதிரி இருந்தது. கொஞ்சம் மெலிதாக, ஏறாமல் இறங்காமல், இழுத்த நூல் மாதிரி ஒரே சீராக இருந்தது. பாதித் தூக்கத்தில் அவள் நினைத்தாள்: கடல் அமைதியாகிவிட்டது, நல்லதாகப் போயிற்று. அந்த ஏழு நாளும் அவள் தூங்கிய தூக்கம் ஒன்பது வருஷத்தில் தூங்காத தூக்கம். எழுந்து வரும்போது கயிறு தண்ணீரில்தான் இருக்கும். வரைபடத்தில் படகு நினைத்ததைவிட முன்னால் இருக்கும். "நீரோட்டம் நம்ம பக்கம்டி" என்பார் அவர். காலையில் அவருக்குத் தலைவலி, கண் சிவந்திருந்தது. "மேகத்துக்குப் பின்னாடி இருந்தாலும் வெயில் வெயில்தான்" என்றார். பேசிக்கொண்டே இருக்கும்போது கண் சொருகியது. "பேட்டரி எவ்வளவு?" என்று அவள் ஒரு நாள் கேட்டாள். "எம்பது. பாஸ்" என்றார்.

ராத்திரிகளில் அவள் இரண்டு தடவை முன் அறைக்குப் போய் எட்டிப் பார்ப்பாள். ராத்திரிக்குப் போடுகிற சிவப்பு விளக்கின் வெளிச்சத்தில் அவர் முகமூடி போட்டுப் படுத்திருப்பார். அது போதும் அவளுக்கு. காற்றும் அலையும் அடிக்கிற அடியில் மெஷின் ஓடுகிறதா என்று காதால் கண்டுபிடிக்க முடியாது.

கரைக்கு ஒரு நாள் இருக்கும்போது, விடிந்தும் அவர் எழுந்து வரவில்லை.

அவர் கை ஜில்லென்று இருந்தது. முகமூடி முகத்தில் சரியாக மாட்டியிருந்தது. மெஷினின் சுவிட்சைத் தொட்டுப் பார்த்தாள். அணைந்திருந்தது.

முதலில் அவள் அழவில்லை. மெக்கானிக்காகத்தான் யோசித்தாள். மெஷின் ஏன் ஓடவில்லை? ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகப் பேட்டரி மீட்டரைப் பார்த்தாள். முள் சிவப்பில் கிடந்தது. பேட்டரி ஏன் இறங்கியது? டைனமோ மூடியைத் திறந்தாள். டைனமோவிலிருந்து பேட்டரிக்குப் போகிற கரண்ட் திரும்பி வராமல் தடுக்க உள்ளே ஒரு சின்ன டயோடு உண்டு. அதன் குறுக்கே புதிதாக ஒரு ஒயர் பற்றவைத்திருந்தது, நடுவில் ஒரு குட்டி சுவிட்ச். பற்றவைத்த இடம் முத்து மாதிரி உருண்டையாக இருந்தது. ஃபிரிட்ஜ் மெக்கானிக்கின் கைவேலை. கரண்டைப் பின்பக்கமாக அனுப்புவதைத் தவிர அந்த ஒயரால் வேறு உபயோகம் கிடையாது. கயிற்றைக் கழற்றிவிட்டு அந்தச் சுவிட்சைத் தட்டினாள்.

டைனமோ மோட்டாராகச் சுற்றியது. மெலிதாக, ஏறாமல் இறங்காமல், ஒரே சீராகச் சத்தம் வந்தது.

அவள் ஏழு நாள் கேட்டுத் தூங்கிய அமைதியான கடல் அதுதான்.

அவள் கண்ணயர்ந்ததும் அவர் கயிற்றை இழுத்து மேலே போட்டிருக்கிறார். சத்தம் நின்றால் எழுந்துவிடுவாள் என்று, சேர்ந்திருந்த கரண்டிலேயே டைனமோவைச் சும்மா சுற்ற விட்டிருக்கிறார். அவள் எழுவதற்கு முன் கயிற்றை மறுபடி தண்ணீரில் இறக்கியிருக்கிறார். பகலில் சேர வேண்டிய கரண்ட் சேரவில்லை. ராத்திரிக்கு மிச்சமிருந்தது விளக்குக்கும் படகை ஓட்டுகிற கருவிக்கும்தான் காணும். ஏதாவது ஒன்றை நிறுத்தியாக வேண்டும். அவர் தன்னுடையதை நிறுத்திவிட்டு, அவள் பார்ப்பாளே என்று முகமூடியை மட்டும் மாட்டிக்கொண்டு படுத்திருக்கிறார்.

அதில் மிச்சமானது எட்டு மணி நேரம்.

அந்தச் சத்தத்தை அவள் அடையாளம் கண்டிருக்க வேண்டாமா? அந்தக் காயிலைக் கட்டினவள் அவள்தான். சுற்று சுற்றாக எண்ணிக் கட்டினவள். பாரம் இழுக்கிற டைனமோவின் குரலும் சும்மா சுற்றுகிற டைனமோவின் குரலும் வேறு என்பது காயில் கடையில் சேர்ந்த முதல் வாரமே தெரிந்தது. அலை ஆடுகிற கடலில் ஏறி இறங்காத சத்தம் எங்கிருந்து வரும் என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டிருந்தால் போதும். நல்ல தூக்கம் வருகிறதே என்று புரண்டு படுத்தாள். இன்றைக்கும் கம்பி சுற்றும்போது நடுவில் எண்ணிக்கை நின்றுவிடும். ஏதோ கணக்கு தப்பிவிட்டது என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். சுற்றியதையெல்லாம் பிரித்துவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பாள்.

அன்றைக்கு அவள் கயிற்றை மறுபடி இறக்கவில்லை. யாருக்காக இறக்குவது? அவரைப் பாய்த்துணியால் போர்த்திவிட்டு, எல்லாப் பாயையும் ஏற்றி, சுக்கானைக் கையில் பிடித்தபடி ஒரு பகலும் ஒரு ராத்திரியும் உட்காராமல் வந்தாள். கரையைத் தொட்டபோது காலை ஏழு மணி. துறைமுகச் சீருடைக்காரர்கள் இரண்டு பேர் படகில் ஏறினார்கள். அவரை அவர்களிடம் விட்டுவிட்டு, உப்புப் பூத்த துணியோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

மகள் தள்ளுகட்டிலில் தயாராக இருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வந்துட்டியா! சாயங்காலம்னு சொன்னே? அப்பா எங்க?"

"படகைக் கட்டிட்டு வரார்."

"மெதுவா வரட்டும். நீ கையக் குடு."

அவள் கையைக் கொடுத்தாள். ஒன்பது நாற்பதுக்குக் குழந்தை வீறிட்டது. ஆண் குழந்தை. ஈரத் தலையும், மூடிய கையும், உலகத்தின் மேலேயே கோபம் வந்ததுபோல ஒரு முகமும். "மூக்கப் பாரேன், அப்பாவோட மூக்கு. சீக்கிரம் கூப்பிடு அவர" என்று மகள் மயக்கத்திலேயே சொன்னாள். சாயங்காலம் வரைக்கும் காயில் அக்கா அவரைக் கூப்பிடப் போய்ப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தாள்.

விஷயம் தெரிந்த பிறகு மகள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ராத்திரி முழுக்க முழிச்சுட்டுத்தானே இருந்தே? ஒரு தடவை எட்டிப் பாத்திருக்கக் கூடாதா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், அந்த ஒற்றை வரிச் செய்திக்காகத்தான் அப்பா போனார் என்று மகளுக்குத் தெரிந்துவிடும். இந்தக் குழந்தை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அந்த எட்டு மணி நேரத்தைச் சுமக்க வேண்டிவரும். இரண்டு தடவை பார்த்தவள் சொன்னாள்: "பாக்கலடி."

அன்றிலிருந்து மகள் போன் செய்தால் குழந்தையைப் பற்றி மட்டும்தான் பேச்சு. குப்புற விழுந்தான். சளி பிடித்திருக்கிறது. ஊசி போட்டாயிற்று. சரி, வைக்கிறேன். வீட்டுக்கு வந்துவிடு என்று கூப்பிடவில்லை. இவளும் போகவில்லை. படகிலேயே இருந்துகொண்டு ஊர்ப்பட்ட படகுகளின் டைனமோக்களைச் சரி செய்கிறாள்.

இன்றைக்கு முதல் தடவையாக மகள் படகுக்கு வருகிறாள். அதனால்தான் காலையிலிருந்து அக்கா டாக்டரைத் துரத்திக்கொண்டிருந்தாள். டாக்டர் போவதாக இல்லை.

ஏழு மாதத்துக் குழந்தை ஏறினால் படகு முழுவதும் அதற்குத்தான். எண்ணெய் டப்பாவின் மூடியை வாயில் போட்டது, கம்பிச் சுருளைக் காலால் உதைத்தது, டாக்டரின் கண்ணாடியைப் பிடித்து இழுத்துத் தண்ணீரில் போடப் பார்த்தது. டாக்டர் கை கழுவிக்கொண்டு அதன் ஈறைத் தடவிப் பார்த்து, பெரிய நிபுணர் மாதிரிச் சொன்னார்: "கீழ்ப்பல்லு. நாளைக்கு இல்லன்னா நாளான்னிக்கு."

"இதுக்குத்தான் ராத்திரியெல்லாம் அழுகையா?" என்றாள் மகள். கண்ணுக்குக் கீழே கறுப்பு வளையம். "நான் தூங்கி எத்தனை நாளாச்சுன்னு எனக்கே தெரியல."

"கீழ போய்ப் படு. இவன நான் பாத்துக்கறேன்" என்றாள் அக்கா.

"என்ன விட்டு இருக்க மாட்டான். பழக்கமில்ல."

பழக்கமில்லை என்ற வார்த்தை வேண்டுமென்று சொன்னதா, தெரியாமல் வந்ததா? அக்கா பின்பக்கப் படுக்கையில் துணியை உதறி விரித்தாள். மகள் குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொண்டு படுத்தாள். குழந்தை சிணுங்கியது, நெளிந்தது, அழ ஆரம்பித்தது.

"டைனமோ சத்தம் கேட்டாத்தான் உனக்குத் தூக்கம் வரும்னு அப்பா சொல்வாரே" என்றாள் மகள் கீழேயிருந்து. "அதைக் கொஞ்சம் ஓட விடேன். இவனாவது தூங்கறானா பாப்போம்."

"படகு நிக்குதுடி. படகு போனாத்தான் அது சுத்தும்."

மேடையிலிருந்து டாக்டர் குனிந்து, "பேட்டரி குடுத்தா ஓடும்மா. உங்கம்மாதான் பிடிவாதமா மாட்டேங்கறாங்க" என்றார்.

"ஓடுமா?" என்றாள் மகள். "அப்ப ஓட விட்டா என்னவாம்?"

காயில் அக்கா டாக்டரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் விசிறியையும் டைனமோவையும் எடுத்துக்கொண்டு, கறுப்புப் பெயிண்ட் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு நடந்தார். குழந்தை வீறிட்டு அழுதது. மகள் அதன் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். தட்டுகிற கையில் தெம்பில்லை.

அக்கா எழுந்து தன்னுடைய டைனமோவிடம் போனாள். பின்பக்கக் கம்பியில் அது தொங்கியபடியே இருக்கிறது. மூடியைத் திறந்தாள். அவர் பற்றவைத்த ஒயரை அவள் இதுவரை எடுக்கவில்லை. குட்டி சுவிட்ச் அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தட்டினாள்.

சத்தம் பலகை வழியாக இறங்கியது. குழந்தை அழுகையை நடுவில் நிறுத்திவிட்டு, கண்ணை அகல விரித்துக் கேட்டது.

"அட" என்றாள் மகள். குரலில் தூக்கம் ஏறிக்கொண்டிருந்தது. "தண்ணியில்லாம எப்படிம்மா ஓடுது?"

"உங்கப்பா பண்ணி வச்சது."

"எதுக்கு?"

"நான் தூங்கறதுக்கு."

மகள் கண்ணை மூடிக்கொண்டே சிரித்தாள். "உன் மேல அவருக்கு உசுரு" என்றாள். சற்று நேரத்தில் இரண்டு மூச்சும் கேட்டன, ஒன்று நீளமாக, ஒன்று குட்டையாக.

அக்கா டைனமோவின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். துறைத் தண்ணீர் ஆடாமல் கிடந்தது. சத்தம் இழுத்த நூலாகப் போய்க்கொண்டே இருந்தது. தட்டையான இடது கட்டைவிரலைச் சுழலும் தண்டின் மேல் வைத்து லேசாக அழுத்தினாள். சத்தம் கனத்து இறங்கியது. விரலை எடுத்தாள். மெலிந்து ஏறியது. அழுத்தினாள், இறங்கியது. எடுத்தாள், ஏறியது. கீழே அவர்கள் விழிக்கிற வரைக்கும் அவள் அப்படியே ஒவ்வொரு அலையாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.